மேலே கடும் சாம்பல், கீழே இளம் சாம்பல்

என் கணவர் பஸ்களுக்குப் பெயின்ட் அடித்தவர். ஹட்டனிலிருந்து நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் ஓடும் தனியார் பஸ்களில் பாதியிலாவது அவருடைய கை பட்டிருக்கும். ஹட்டன் டவுனுக்குக் கொஞ்சம் வெளியே ஒரு முஸ்லிம் முதலாளி நடத்தும் கராஜில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். கைத்தொழில் தெரிந்த ஆளை எங்கள் பக்கத்தில் பாஸ் என்று கூப்பிடுவார்கள். அவர் பெயின்ட் பாஸ். கடைத்தெருவில் என்னை யாரென்று விசாரிக்கிறவர்களுக்கு, "பெயின்ட் பாஸ் ஊட்டுக்காரம்மா" என்று பதில் வரும். தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் பதினாறு வருஷமாகப் படிப்பிக்கிற எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. இப்போது யாராவது அப்படிச் சொன்னால் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறேன்.

பஸ்ஸுக்கு நிறம் பார்க்கும்போது அவருக்கு ஒரே ஒரு கணக்குத்தான். பனிமூட்டத்துக்குள் பஸ் வந்தாலும் பஸ் ஹோல்ட்டில் நிற்கிற பொம்பிளைக்கு அது எந்த பஸ் என்று தெரிய வேண்டும். அதனால் மஞ்சள், சிவப்பு, கிளிப்பச்சை. ஓரத்தில் வெள்ளைக் கோடு. மூன்று தரம் பளபளப்புப் பூச்சு. வேலை முடிந்து பஸ் வெளியே போகிற அன்று கராஜ் வாசலில் நின்று அது வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருப்பாராம். முதலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நாட்டில் டீசல் இல்லாமல் போன அந்த வருஷம் கராஜும் நின்றுபோனது. பஸ்களே ஓடவில்லை. பெயின்ட் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அதுவும் வரவில்லை. நான்கு மாதம் அவர் காலையில் வழக்கம்போல் கிளம்பிப் போய், கராஜ் வாங்குப் பலகையில் முதலாளியோடு உட்கார்ந்திருந்துவிட்டு மத்தியானம் வந்துவிடுவார். என் சித்தப்பா மகன் ஒருவன் அதற்கு முன்பே போர்த்துக்கலுக்குப் போயிருந்தான். பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் பழம் பறிக்கிற வேலை, ஆள் கேட்கிறார்கள் என்று சொன்னான். எங்கள் மகள் அப்போது பதினோராம் வகுப்பு. அவள் படிப்பு முடியும் வரைக்கும், இரண்டு வருஷம், என்று பேசிக்கொண்டோம். நாற்பத்தைந்து வயதில் அவர் முதல் முறையாக விமானம் ஏறினார்.

போன புதிதில் குரல்பதிவுகளாக அனுப்பிக்கொண்டே இருப்பார். எழுத அவருக்குப் பொறுமை கிடையாது. வேலைக்குப் போகிற வழியில் ஒன்று, சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. அந்த ஊர் நம் ஊர் மாதிரி இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டை, மேடென்று ஏறி நிற்க ஒரு இடம் இல்லை என்பார். அவர்கள் பேச்சில் உட்காருகிற கதிரை, மேசை, ஜன்னல் எல்லாம் கிட்டத்தட்ட நம் சொல்லாகவே இருக்கிறது என்று சிரிப்பார். "கதிரைய கதெய்ரான்றாங்க புள்ள. அவனுங்க நம்மகிட்ட படிச்சானுங்களா, நாம அவனுங்ககிட்ட படிச்சமான்னு தெரியல."

பக்கத்தில் ஒரு விமானப்படைத் தளம் இருந்தது. பழத்தோட்டத்துக்கு மேலாக ஒரு விமானம் அடிக்கடி தாழப் பறந்து போகும். நான்கு எஞ்சின், நான்கிலும் காற்றாடி, வாலுக்குப் பின்னால் நீளமாக ஒரு கொம்பு. முதலில் அவர் கவனித்தது அதன் பெயின்டைத்தான்.

"புள்ள, இன்னிக்கும் அந்த சாம்பல் கலரு ப்ளேன் போச்சு. ஒரு சைனிங் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ்வளவு பெரிய சாமானுக்கு அண்டர்கோட் அடிச்சு அப்புடியே விட்ட மாதிரி இருக்கு. யாரு அடிச்சாங்களோ."

சில நாள் கழித்து விஷயம் தெரிந்துகொண்டு மறுபடி சொன்னார். அது கடலைக் காவல் காக்கிற விமானமாம். கப்பல்களையும், தண்ணீருக்குள் போகிற நீர்மூழ்கிகளையும் தேடிக்கொண்டு மணிக்கணக்கில் கடலுக்கு மேல் சுற்றுமாம். பளபளவென்று இருந்தால் வெயில் பட்டு தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். வானத்தோடும் கடலோடும் கலந்துபோக வேண்டும் என்றுதான் அந்த மங்கல் சாம்பல். அடையாள வட்டத்தைக்கூட, வெள்ளைக்குள் சிவப்புச் சிலுவை, சின்னதாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்றார்.

"கண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னே அடிக்கிற பெயின்டு புள்ள. நான் இருவத்திரெண்டு வருசமா தெரியணும்னு அடிச்சேன்."

அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. வேலை தெரிந்த ஒருவன் வேறொரு வேலைக்காரனின் யோசனையை மெச்சுகிற குரல்தான்.

பழத்தோட்டக்காரரின் வேன் ஒன்று ஒரு நாள் கதவில் அடிபட்டு வந்தது. இவர் அதைத் தட்டி எடுத்து, இருந்த பெயின்டைக் கலந்து அடித்துக்கொடுத்திருக்கிறார். அடிபட்ட இடம் எது என்று தேட வேண்டியிருந்ததாம். அதைப் பார்த்துவிட்டுத் தோட்டக்காரரின் மாமனார் இவரைத் தேடி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதே வகை விமானம் ஒன்று, பறப்பதிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்டு, ஒரு கொட்டகைக்குள் நின்றது. அதைச் சுத்தம் செய்து, புதிதாகப் பெயின்ட் அடித்து, ஜனங்கள் பார்க்கும்படி வெளியே நிறுத்த வேண்டும். அவரும் அவருடைய பழைய கூட்டாளிகள் சிலரும் அந்தப் பொறுப்பை எடுத்திருந்தார்கள். தேய்ப்பதற்கும் அடிப்பதற்கும் கை தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். இவர் பழக்கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஆறேழு மாதத்தை எங்கள் வீட்டின் நல்ல காலம் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பின்னேரம் நானும் மகளும் அடுப்படியில் உட்கார்ந்து அவர் அனுப்பிய படங்களைப் பார்ப்போம். ஒரு நாள் இறக்கைக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு ஒரு இடத்தைத் தேய்த்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். குளத்தில் கல் போட்டதுபோல் வளையம் வளையமாக நிறங்கள். வெளியே இளம் சாம்பல். அதற்கு உள்ளே கடும் சாம்பல். அதற்கும் உள்ளே வெள்ளை. நடுவில், தகரத்தை ஒட்டி, பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு பூச்சு. அந்தப் பெரியவர் பழைய படங்களையும் கையையும் வைத்துக் காட்டியதைக் குரல்பதிவில் ஒவ்வொன்றாக விளக்கினார். வெள்ளை, அந்த விமானம் போர்த்துக்கலுக்கு வருவதற்கு முன் வேறொரு நாட்டிடம் இருந்த காலத்தது. முதுகு வெயிலில் சுடாமல் இருக்க வெள்ளை அடிப்பார்களாம். இங்கே வந்த பிறகு மேலே கடும் சாம்பலும் கீழே இளம் சாம்பலுமாக இரண்டு நிறம். மேலேயிருந்து பார்த்தால் கடல்போல, கீழேயிருந்து பார்த்தால் வானம்போல. கடைசிக் காலத்தில் முழு உடம்புக்கும் ஒரே இளம் சாம்பல். பெரியவர் வேலை செய்த வருஷங்களில் அது இரண்டு நிறமாக இருந்தது. அதனால் அவருக்கு இரண்டு நிறம்தான் வேண்டும். மற்றவர்களுக்குக் கடைசியாகப் பறந்தபோது இருந்த ஒரே நிறம் போதும். அதில் அவர்களுக்குள் தினமும் வாக்குவாதம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் என்னத்த சொல்ல. ஆனா ரெண்டு கலரு அடிக்கிறதுதான் வேல. ரெண்டும் சேர்ற எடத்துல கோடு தெரியக்கூடாது. ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொகை மாதிரி போகணும். அது எனக்கு அடிக்க ஆசையா இருக்கு."

கடைசியில் பெரியவர் சொன்னதுதான் நின்றது. ஆனால் அந்தக் கடும் சாம்பல் இப்போது டப்பாவில் கிடைக்கவில்லை. தேய்த்த இடத்தைப் பார்த்துத்தான் கலக்க வேண்டும். இவர் மூன்று தகரத் துண்டுகளில் மூன்று விதமாக அடித்து, பழைய இடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். எது சேருது, பாரு என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் போனில் மூன்றும் நீலம் கலந்த சாம்பலாகத் தெரிந்தன. மகளின் போனில் அதே படம் பச்சை அடித்தது. அங்கே அவர் கண்ணால் பார்க்கிற நிறம் இந்த இரண்டும் இல்லை. அதனால் வாயால் சொல்லிப் பார்த்தோம். மழைக்கு முன்னால் நம்ம லயத்து வீட்டுக் கூரைத் தகரம் மாதிரியா, மழை நின்ற பிறகு இருக்கிற மாதிரியா என்று நான் கேட்பேன். "மழ நின்ன பெறகு, ஆனா காயிறதுக்கு முன்னால" என்பார். அடுப்புச் சாம்பலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து அதை மகள் படம் பிடித்து அனுப்பினாள். அவர் அதையும் பெரியவரிடம் காட்டியிருக்கிறார். கடைசியில் நான் இரண்டாவது துண்டு என்றேன். பெரியவரும் இரண்டாவதைத்தான் எடுத்தாராம். அன்று முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போதுகூட எனக்குள் ஒரு சந்தோஷம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு விமானத்துக்கு நான் நிறம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். தேத்தண்ணி நேரத்தில் மற்ற டீச்சரிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். தோட்டத்துக் கிளார்க்கிடம் காட்டினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமும் காட்டியிருக்கிறேன்.

இருமல் அதற்கு முன்பே இருந்தது. குரல்பதிவுகளைத் திரும்பக் கேட்டால் அது நன்றாகத் தெரிகிறது. நீளமாகப் பேசியவர் துண்டு துண்டாகப் பேச ஆரம்பித்திருக்கிறார். ஒரு வசனத்துக்கு நடுவில் நின்று மூச்சு எடுத்துக்கொண்டு தொடர்கிறார். குளிர்காலம், சளி என்றார். எங்களுக்குக் குளிர் புதிதா, நுவரெலியாக் குளிரைவிடவா என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தபோது, நேரடியாகக் கூப்பிட்டார். வழக்கமாக அந்த நேரத்தில் கூப்பிட மாட்டார். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"புள்ள, மூச்சு வாங்குது. ஏணியில ரெண்டு படி ஏறுனா நிக்க வேண்டியிருக்கு. வந்துரட்டுமா?"

நான் யோசிக்கவே இல்லை. "தேச்சு முடிச்சிட்டீங்களே. கலரு அடிக்கிறதுதான மிச்சம். அத அடிச்சு முடிச்சிட்டே வாங்களேன்" என்றேன். "பாதியில விட்டுட்டு வந்தா உங்களுக்குத் தூக்கம் வராது."

அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி" என்றார். மருந்து எடுத்தீங்களா, சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல விதமாகக் காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அந்த வேலையில் இருந்த ஆசைக்காகத்தான் சொன்னேன் என்று என்னையே நம்பவைக்கப் பார்த்தேன். அது பாதி உண்மை. நான் தேர்ந்தெடுத்த அந்தச் சாம்பல் அந்த முதுகில் ஏறுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. மீதி அதுதான்.

அவர் இன்னும் ஏழு வாரம் வேலை செய்தார். முதுகுப் பக்கம் முழுவதும் கடும் சாம்பல் ஏறியது. படம் வந்தது. வயிற்றுப் பக்கம் இன்னும் அண்டர்கோட்டாகவே இருந்தது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அங்கே ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இரண்டு நுரையீரலும் கெட்டிருக்கிறது, அங்கேயே இருந்து வைத்தியம் பார்க்கலாம் என்றார்களாம். அவர் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். டிக்கட் போட்டு, விமானநிலையம் வரைக்கும் கொண்டுவந்து விட்டது பெரியவர்தான்.

கட்டுநாயக்கா விமானநிலையத்தில் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எங்களுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. மகள் வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். அப்பாவின் நாற்காலி அவளுக்கு நேர் முன்னால் வந்து நின்ற பிறகுதான் பார்த்தாள். "என்னா, அப்பன அடையாளந் தெரியலையா?" என்று சிரித்தார். அவள் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். வேன் வரைக்கும் திரும்பவே இல்லை.

எங்கள் லயம் ரோட்டுக்கு மேலே இருக்கிறது. தேயிலைக்கு நடுவே கல்படி ஏறிப் போக வேண்டும். இருபது வருஷமாக அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறியவர் அன்று மூன்றாவது படியில் நின்றுவிட்டார். என் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு கதிரையில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டே வந்தார். அதற்குப் பிறகு கிளினிக் போகிற நாளைத் தவிர அவர் கீழே இறங்கவில்லை.

நுவரெலியாவில் பார்த்து, அங்கேயிருந்து கண்டிக்கு எழுதிக்கொடுத்தார்கள். கண்டியில் சிங்கள டொக்டர் ஒருவர், இளம் வயது, பொறுமையான ஆள். என்ன வேலை என்று கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன். எத்தனை வருஷம் ஸ்ப்ரே அடித்தார், மூக்குக்கு என்ன கட்டினார் என்று கேட்டார். கைலேஞ்சித் துணி என்றேன். டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். நுரையீரல் தழும்பு ஏறி இறுகிப்போயிருக்கிறது, இது ஒரு வருஷத்தில் வருவதில்லை, ரொம்ப நாளாக வந்துகொண்டிருந்திருக்கிறது, இனிமேல் இதைத் திருப்ப முடியாது, கஷ்டம் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தபோது இவர், "என்ன சொன்னாரு?" என்று கேட்டார். அவருக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும். என் வாயால் கேட்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

"ரொம்ப நாளா இருந்திருக்காம்" என்றேன். ஒரு வருஷத்தில் வருவதில்லை என்று டொக்டர் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கடைசி ஏழு வாரத்தைப் பற்றி டொக்டரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றுவரைக்கும் கேட்கவில்லை.

கராஜ் முதலாளி கேள்விப்பட்டு வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது. படி ஏறி வந்ததில் அவருக்கே மூச்சு இரைத்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். எடுத்த எடுப்பிலேயே அழுதுவிட்டார்.

"இத்தன வருஷம் ஒங்களுக்கு நான் ஒரு நல்ல மாஸ்க் எடுத்துத் தரல்ல பாஸ். அல்லாஹ் என்ட கிட்டத்தான் கேப்பான்."

"தந்திருந்தாலும் நான் போட்டிருக்க மாட்டேன் முதலாளி" என்றார் இவர். "அங்க நல்ல மாஸ்க்குத்தான் தந்தாங்க. அதப் போட்டா மூச்சு முட்டுதுன்னு பாதி நேரம் கழட்டித்தான் வச்சிருந்தேன்."

நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். முதலாளி குடிக்கவில்லை. ஆறிப்போகும் வரைக்கும் இருவரும் பழைய பஸ்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த பஸ் இப்போது யாரிடம் இருக்கிறது, எது பள்ளத்தில் விழுந்தது, எதற்கு யார் புதிதாக வேறு நிறம் அடித்துக் கெடுத்தார்கள் என்று.

ஐந்து மாதம் அவர் எங்களோடு இருந்தார். ஒக்சிஜன் மெசின் ஒன்றை ஒரு தர்ம சங்கம் இரவலாகக் கொடுத்தது. அது நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். மகள் உயர்தரப் பரீட்சைக்கு அந்தச் சத்தத்திலேயே படித்தாள். அவர் படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் நான்கு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். பேசினால் களைத்துப்போவார். அவ்வளவு பேசிய மனிதர். நான் முன்பள்ளியிலிருந்து வந்து அன்றைக்கு எந்தப் பிள்ளை அழுதது, எது என்ன சொன்னது என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். சிரித்தால் இருமல் வரும் என்பதால் சிரிப்புக் கதைகளை மட்டும் விட்டுவிடுவேன்.

மூன்றாவது மாதம் போர்த்துக்கல் பெரியவரிடமிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. விமானத்தைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, புல்தரையில் நிறுத்தியிருந்தார்கள். நல்ல வெயில். வாலில் பச்சையும் சிவப்புமாக அவர்கள் கொடி. உடம்பு முழுக்க, மேலே, கீழே, எல்லா இடமும், ஒரே இளம் சாம்பல்.

இவர் வந்த பிறகு அந்தக் கடும் சாம்பலைக் கலக்க அங்கே ஆள் இல்லை. இரண்டு நிறத்தையும் புகைபோல் சேர்க்கவும் ஆள் இல்லை. மற்றவர்கள் டப்பாவில் கிடைக்கிற இளம் சாம்பலை வாங்கி முழுக்க அடித்துவிட்டார்கள். பெரியவர் கீழே இரண்டு வரி எழுதியிருந்தார். போனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள், என்னால் தடுக்க முடியவில்லை என்று வந்தது.

இரண்டு நாள் அதை அவரிடம் காட்டவில்லை. மூன்றாம் நாள் அவரே கேட்டார். "ப்ளேன வெளிய எடுத்திருப்பாங்களே, படம் ஒண்ணும் வரலையா?" பொய் சொல்ல வாய் வரவில்லை. போனைக் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உடுப்பு மடிக்க ஆரம்பித்தேன்.

நிறைய நேரம் பார்த்தார். விரலால் பெரிதாக்கி, மூக்கிலிருந்து வால் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தார்.

"கதவு ஓரத்துல வழிய விட்டிருக்கான்" என்றார். பிறகு மூச்சு எடுத்துக்கொண்டு, "பரவால்ல. நம்ம கலரு அடியிலதான இருக்கு. எவனாவது ஒரு நாளைக்கு தேச்சா தெரியும்" என்றார்.

அப்போதுதான் நான் அழுதேன். மடித்த உடுப்பை அப்படியே போட்டுவிட்டுக் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, அன்றைக்கு நீங்கள் வரட்டுமா என்று கேட்டபோது நான்தான் முடித்துவிட்டு வாங்க என்று சொன்னேன், நான் சொல்லியிருக்கக்கூடாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஐந்து மாதமாக உள்ளே வைத்திருந்தது அது.

அவர் என் தலையில் கை வைத்தார். அந்தக் கையில் பாரமே இல்லை.

"நீ அப்புடித்தான் சொல்லுவேன்னு தெரிஞ்சுதான் கேட்டேன் புள்ள" என்றார். "எனக்கு வர மனசில்ல. யாராவது இருன்னு சொல்லணும்னு இருந்துச்சு."

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. அவர் பொய் சொல்கிற மனிதர் இல்லை. ஆனால் கட்டிலில் கிடந்துகொண்டு மனைவி அழுவதைப் பார்க்கிற ஆள் என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். சில நாள் நம்புகிறேன். சில நாள் முடியவில்லை.

மகளின் பரீட்சை முடிந்து ஒன்பதாவது நாள் விடியற்காலையில் இறந்துபோனார். மெசின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. தேத்தண்ணியோடு வந்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து டம்ளரை மூடி வைத்துவிட்டு வெளியே போய் வாசல் கூட்டினேன். திரும்பி வந்துதான் தொட்டுப் பார்த்தேன்.

தோட்டத்து மயானத்தில், தேயிலைக்கு நடுவே, அவருடைய அப்பாவைப் புதைத்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே புதைத்தோம். ஹட்டனிலிருந்து கராஜ் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பஸ் முதலாளிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் பெரியவருக்கு இன்னும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நடுவில் அவர் இரண்டு முறை எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுதியிருந்தார். அப்போது நான் திறந்து பார்க்கவே இல்லை.

தமிழில் எழுதி, போனில் அவர்கள் மொழிக்கு மாற்றி அனுப்பினேன். இறந்துவிட்டார், கஷ்டப்படவில்லை, உங்களைப் பற்றிப் பேசுவார் என்று மூன்று வரி. மறுநாள் நீளமாக எழுதியிருந்தார். மொழிபெயர்ப்பில் பாதி குழம்பியிருந்தாலும் அவர் அழுதிருக்கிறார் என்பது புரிந்தது. கடைசியில், அவரை எங்கே வைத்திருக்கிறீர்கள், அந்த இடத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

மகள் போய்ப் படம் எடுத்து வந்தாள். மண்மேடு, அதன்மேல் வாடிய மாலை, சுற்றிலும் மலை முழுக்கத் தேயிலை. அனுப்பினேன். உடனே பதில் வந்தது. அந்தப் பச்சைச் செடி என்ன, ஏன் மலை முழுவதும் ஒரே உயரத்துக்கு வெட்டியிருக்கிறது என்று கேட்டிருந்தார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. தேயிலை என்று எழுதினேன். அவர் ஆச்சரியப்பட்டு எழுதினார். தேயிலை விளைகிற ஊரிலிருந்தா அவர் வந்தார், எனக்குத் தெரியாதே, கடற்கரைப் பக்கம் ஏதோ ஒரு பட்டணம் என்றுதான் நினைத்திருந்தேன் என்று.

அடுப்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டு மாதம் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். ஒரே தட்டில் ரொட்டி பிய்த்துச் சாப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறார். எங்களிடம் ஒரு நாளைக்கு மூன்று முறை அவ்வளவு பேசுகிறவர் அங்கேயும் அப்படித்தான் பேசிக்கொண்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தான் எங்கேயிருந்து வந்தவர் என்று சொல்வதற்கு அவரிடம் அந்த மொழியில் சொல் இருக்கவில்லை.

"இன்னும் என்னென்ன தெரியாதுன்னு கேளுங்கம்மா" என்றாள் மகள்.

கேட்டேன். அதிலிருந்து பின்னேரங்களில் பெரியவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இவருடைய அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். இவர் பத்தாம் வகுப்போடு நின்றவர். மகள் உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் சித்தியடைந்திருக்கிறாள். நேற்று, இவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று பெரியவர் கேட்டிருந்தார். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.